குவைத்தில் மணி ஆறரை

விமான டிக்கட் விற்பவனிடம் ஜனங்கள் முதலில் விலையைக் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். பதுளையில் முதலில் கேட்பது தூரம். கவுண்டருக்குப் பின்னால் பதில் சொல்லியே தொண்டை வறண்ட சகாக்களே, இது உங்களுக்கு.

தோடம்பழம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துச் செல்வராஜின் மனைவி லெச்சுமி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வருவாளா, இன்னும் இருந்துவிடுவாளா என்று கேட்டால் பதிலில்லையாம்.

"குவைத் எவ்வளவு தூரம் சார்?" என்றார். நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உலகம் உருண்டை, ஆகவே வரைபடத்தில் இழுக்கும் நேர்கோடு குறுக்கு வழியல்ல என்று மேசையிலிருந்த ஆரஞ்சுத் தோடம்பழத்தை உருட்டிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிங்க சார், நடுவுல டீ குடிக்க எங்கயாச்சும் நிப்பாட்டுவாங்களா?"

மெதுவான விமானம்

அடுத்த முறை போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் காட்டினேன். கணக்குப் போட்டார். போவதற்கு மூன்று மணி நேரம், வருவதற்கு ஏழரை. முகம் சுருங்கிவிட்டது. டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம், குவைத் நமக்கு இரண்டரை மணி பின்னால், ஆகாயத்தில் இரண்டு பக்கமும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது என்றேன். அவர் நம்பவில்லை. இங்கே காலை ஆறரைக்குப் போன் போட்டு, அங்கே மணி என்ன என்று லெச்சுமியிடமே கேட்டிருக்கிறாராம், அங்கேயும் ஆறரைதானாம்.

"கொண்டு போறப்ப மட்டும் வெரசா போறீங்க, கொண்டு வர்றதுக்கு ஏன் சார் இந்த இழுவை?"

பெரட்டு

மூன்றாம் முறை, என் கணினியில் குவைத் நேரத்தைப் பார்த்ததும்தான் விஷயத்தைச் சொன்னார். தினமும் காலை ஆறரைக்கு, வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், கங்காணி பேர் கூப்பிடுவதற்கு முன்னால், அவளுக்குப் போன் போடுவாராம். அவள் "ம்", "சரி" என்பதோடு சரி. மனசு மாறிவிட்டது, இனி வரமாட்டாள் என்று அவராக முடிவு கட்டியிருந்தார்.

"அப்ப விடியக்கால நாலு மணிக்கா சார் அவள எழுப்பிக்கிட்டு இருந்தேன்?"

உள்ளூர் நேரம்

அங்கேயே போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"ஏன்டி அங்கயும் ஆறரைன்னு பொய் சொன்ன?"

"பொய் இல்லீங்க. என் போன்ல மணிய மாத்தவேயில்ல. நம்ம ஊரு மணிதான் ஓடுது."

"தூக்கத்துல இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கூப்பிட மாட்டீங்களே."

செல்வராஜ் தோடம்பழத்தை எடுத்து உருட்டத் தொடங்கினார். நான் போன் பக்கம் குனிந்து, மாதக் கடைசியில் ஒரு விமானம் இருக்கிறது அம்மா, உள்ளூர் நேரப்படி காலை எட்டு மணிக்கு இறங்கும், போடட்டுமா என்றேன்.

"போடுங்க சார். உள்ளூருன்னா ஸ்பிரிங்வெளி நேரந்தானே?"

ஆக, சகாக்களே, குவைத்துக்குப் பயண நேரம் ஐந்தரை மணிதான். போய்ச் சேருவதற்குத்தான் சிலருக்கு இரண்டு வருஷமும் போதவில்லை.