சாப்பிட்டாயா என்று கேட்காத குரல்

“ஆமா, இருக்குது. லாரிக்காரனுக போன்ல எல்லாம் அவ கொரல் இருக்குது. என்ற மவன் போன்லயும் இருக்குது. அதுக்கு இப்ப என்னங்கிறே?”

பாவாயி இதைக் கேட்டபோது கையில் முறுக்கிக்கொண்டிருந்த துண்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. எதிரே இடுப்பில் குடத்தோடு நின்றாள் சின்னாயி. பாவாயி இல்லவே இல்லையென்று மறுப்பாள், மறுத்தால் மேலே நாலு வார்த்தை போடலாம் என்று வந்தவள் அவள். ஆமாம் என்று சொல்லிவிட்டவளிடம் என்னத்தைப் போடுவது?

ஆனாலும் விடவில்லை. புருசன்காரன் சத்தீஸ்கரில் மண்ணுக்குள்ளும் புகைக்குள்ளும் கிடக்கிறான், இங்கே இந்தத் தனப்பிரியா பேசிப் பேசி அனுப்ப, ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் வண்டியில் போட்டுக் கேட்கிறான், பைபாஸ் டீக்கடையில் தன் கொழுந்தனே காதால் கேட்டாராம் என்றாள்.

“கேட்டாருல்ல? என்னன்னு சொன்னாரு?”

“என்னமோ பேய்க் கதையாமா.”

“பாதியில எந்திரிச்சு வந்துட்டாரா?”

சின்னாயி குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். “முடியற மட்டும் ஒக்காந்துதான் இருந்தாருங்கறாங்க.”

“அப்பறம் என்ன புள்ள, போய்த் தண்ணிய ஊத்து” என்று சொல்லிவிட்டுப் பாவாயி அடுத்த துண்டை எடுத்தாள்.

தனப்பிரியா சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். கட்டிக்கொண்டு வந்தது திருச்செங்கோட்டில் இந்தத் தெருவுக்கு. புருசன் மோகன்குமார், போர்வெல் போடும் ரிக் லாரியில் துளை இறக்குகிற டிரில்லர். ரிக் வண்டி வடக்கே போனால் போனதுதான். பண்டிகைக்கோ மழைக்கோதான் ஊர்ப்பக்கம் திரும்பும். பாவாயியின் மகன் ஜீவானந்தத்துக்கும் அதே வண்டியில்தான் வேலை. ஆண்கள் வெளியூரில் இருக்கிற வீடுகளில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. தறிப்பட்டறையிலிருந்து துண்டு மூட்டை வந்து இறங்கும். ஓரத்து நூலைப் பிரித்து, முறுக்கி, குஞ்சம் முடிந்து கொடுக்க வேண்டும். கைக்கு ஓயாத வேலை. காதுக்குத்தான் ஒன்றுமில்லை.

வந்த புதிதில் தனப்பிரியா யாரோடும் அதிகம் பேசியதில்லை. கேட்டால் சிரிப்பாள், கேட்காவிட்டால் போனைப் பார்ப்பாள். ஒருநாள் மத்தியானம் அவள் உதடு மட்டும் அசைகிறதைப் பார்த்துவிட்டு, அப்படி என்னதான் அதற்குள் இருக்கிறது என்று பாவாயி கேட்டாள். கதை என்றாள். சத்தமாகப் படி, எனக்கென்ன படிக்கவா தெரியும் என்றாள் பாவாயி. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம்.

கதையின் பெயர் ‘கீழ்மூச்சு’. சேலத்தில் ஹஃப்சா என்று ஒரு பெண் எழுதுகிறாள், வாராவாரம் போனில் ஓர் அத்தியாயம் வரும். மழையில்லாத ஒரு ஊருக்கு ரிக் லாரி போகிறது. ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீர் இல்லை. இன்னும் இறக்கு என்கிறான் தோட்டத்துக்குச் சொந்தக்காரன். இறக்க இறக்க, பாறைக்குக் கீழே பாறையில்லாத எதுவோ, பாறை உடைக்கிற ஹேமரைப் பிடித்துக்கொள்கிறது. எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து விழுந்து, பூமிக்கடியில் புதைந்து, மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்த ஒன்று. மேலே யார் பேசினாலும் அந்தக் குரலை அது கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டு குழிக்குள்ளிருந்து கூப்பிடும். படிக்கிறபோது தனப்பிரியாவின் குரலே வேறு. அந்தக் குழி தன் வீட்டு வாசலில் இருப்பதுபோல பாவாயி காலை மடக்கிக்கொள்வாள்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே படித்தவர்கள் கருத்துச் சொல்ல இடம் உண்டு என்று தெரிந்ததும் பாவாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முதல் கருத்து எலுமிச்சம்பழம் பற்றியது. ரிக் லாரி கிளம்பும்போது சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் எந்த ஊரில் வண்டி எடுக்கிறார்கள்? இந்தக் கதையில் பழமும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. அப்புறம் பூதம் வராமல் என்ன செய்யும்? இதை அப்படியே எழுதச் சொல்லி, அடியில் ‘பாவாயி, திருச்செங்கோடு’ என்று போடச் சொன்னாள்.

மறுநாளே ஹஃப்சா பதில் போட்டிருந்தாள். பழம் வைத்ததாக மாற்றிவிடுகிறேன், ஆனால் சக்கரம் ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டதாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். பாவாயி யோசித்துப் பார்த்தாள். உருண்டு ஓடியது சரிதான், அப்படியென்றால் பூதம் வரலாம் என்று ஒத்துக்கொண்டாள். நட்சத்திரம் எத்தனை போட என்று தனப்பிரியா கேட்டதற்கு மட்டும் மூன்றுக்கு மேல் ஏறவில்லை. கதையில் தோட்டத்து நாய் செத்துப்போகிறது. வாயில்லாத ஜீவனைக் கொன்றதற்கு இரண்டைக் கழித்துக்கொள் என்றாள்.

வினை வந்தது ஜீவானந்தத்துக்குப் போன் போட்ட அன்று. ஹேமர் மாட்டிக்கொண்ட அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுப் பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை. கதையோ நிஜமோ, பையன் நிற்பது குழிமேல். மகனைக் கூப்பிட்டு, “சாமி, ஆயிரம் அடிக்கு மேல எறக்காதீங்க. தண்ணி வரலீன்னா வேற எடம் பாக்கச் சொல்லு” என்றாள். மகன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஆயிரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்க, பாவாயி தனக்குத் தெரிந்த மாதிரி சொல்லத் தொடங்கினாள். பாதியில் சிக்னல் போய்விட்டது.

பாதிக் கதை கேட்டவர்களுக்கு வேலை ஓடுமா? மீதி வேண்டும் என்று மோகன்குமாரைப் பிடுங்கியிருக்கிறார்கள். அவன் தனப்பிரியாவிடம் கேட்டான். அவள் முதலிலிருந்து வாசித்து, பேசிப் பதிந்து, புருசனுக்கு அனுப்பினாள். அவன் வண்டிக்குள் போட்டான். பக்கத்து வண்டிக்காரன் வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து இன்னொருத்தன். ரிக்குக்காரர்கள் போகாத மாநிலம் எது? தனப்பிரியா அம்மாபேட்டைக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் மட்டும் போய்வந்தவள். அவள் குரல் அவள் பார்க்காத ஊரெல்லாம் பார்த்தது.

பதிலுக்கு அங்கிருந்தும் குரல் வந்தது. வண்டியில் சமைக்கிறவர், கதையில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தனும் சாப்பிடவில்லையே, இவர்களுக்கு யார் சமைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். ஒருத்தன் பொழுது சாய்ந்தால் கம்ப்ரசர் பக்கம் தனியாகப் போக முடியவில்லை என்று திட்டிவிட்டு, அடுத்தது எப்போது என்று அதே மூச்சில் கேட்டான். எல்லாவற்றையும் தனப்பிரியா எழுத்தாக்கி ஹஃப்சாவுக்குப் போட்டாள். துண்டு முடிகிற பெண்கள் அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கதையை விட அது இன்னும் நன்றாக இருந்தது என்று பாவாயி சொன்னாள். சத்தீஸ்கரில் மகன் என்ன செய்கிறான் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பணம் அனுப்புவான், நல்லாருக்கேன் என்பான். இப்போது எதற்குச் சிரிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தது.

பேச்சு கந்தம்மாளின் காதுக்குப் போனது ஒரு விசேஷ வீட்டில். கந்தம்மாள் தனப்பிரியாவின் மாமியார். புருசன் போனபின் ஒற்றையாக மகனை வளர்த்தவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். உங்க மருமகள் குரல் எங்க மச்சினன் லாரியில் இனிப்பாகக் கேட்டுது என்று பந்தியில் யாரோ சொல்ல, இலையில் விழுந்ததைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தும் சண்டை போடவில்லை.

“இன்னிக்கோட போதும் கண்ணு” என்றாள். அவ்வளவுதான்.

 தனப்பிரியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டு முடிந்தாள். கதை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பாவாயி ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். “வேண்டாங்க பெரீம்மா, அத்தை மனசு நோகும்” என்றதோடு சரி. அந்த வாரத்திலேயே ஹஃப்சா கூப்பிட்டாள். கதை புத்தகமாக வருகிறது, கடைசியாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன், சேலத்தில் வெளியீடு வைத்திருக்கிறோம், குழிக்குள்ளிருந்து குரல் கூப்பிடுகிற அத்தியாயத்தை நீங்கள்தான் மேடையில் வாசிக்க வேண்டும் என்றாள். தனப்பிரியா பார்த்துச் சொல்கிறேன் என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்றால் இந்தத் தெருவில் என்ன அர்த்தம் என்று பாவாயிக்குத் தெரியும். இன்றைக்கு விட்டால் இந்தப் பெண் இனி வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

பாவாயிக்கு எழுத்துத்தான் தெரியாதே தவிர, போனில் எங்கே அமுக்கினால் குரல் வரும் என்று தெரியும். மறுநாள் காலை கந்தம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஊர்வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜீவானந்தம் போனிலிருந்து முந்தின நாள் வந்திருந்ததை அமுக்கினாள். பேசியது மோகன்குமார்.

“பெரீம்மா, மோகன் பேசறனுங்க. கதை ஏன் நின்னு போச்சுன்னு பசங்க கேக்கறாங்க. அந்தக் குழிக்குள்ள இருந்து கதையில வர்ற டிரில்லரோட பொண்டாட்டி கொரல்ல கூப்புடுதுல்லீங்க, அவன் நம்பிக் குனியறான்ல, அந்த எடம் மட்டும் எனக்கு ஒத்துக்கலீங்க. ஊட்டுல இருந்து போன் வந்தா மொத வார்த்தை சாப்டீங்களான்னுதானுங்க வரும். எங்கம்மாவும் அதேதான், எடுத்ததும் சாப்டியாங்கும். நான் ம்ங்கறதோட சரி. அதுக்கு மேல எனக்குப் பேச வராதுங்க. ஆனா அந்த ஒத்த வார்த்தைக்காகத்தானுங்க வேலை முடிஞ்சதும் போனக் கையில எடுக்கறது. குழிக்குள்ள இருக்கறது அதக் கேக்கவே இல்ல. அப்பறம் எப்புடீங்க அவன் நம்புவான்? கதை எழுதறவங்ககிட்ட இதச் சொல்லச் சொல்லுங்க. நான் சொல்றது சரிதானுங்களே?”

பின்னால் கம்ப்ரசர் சத்தம் ஓடி நின்றது.

கந்தம்மாள் வெங்காயத்தை அப்படியே மடியில் போட்டிருந்தாள். “மறுக்காப் போடு.”

மறுபடி போட்டாள். அது முடிந்ததும் அவளே விரலை நீட்டி, எங்கே அமுக்குவது என்று கேட்டுத் தானே அமுக்கிக் கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது, வசதியாகப் போயிற்று.

“இத்தன பேச்சு இவனுக்கு எங்கிருந்து வந்துச்சு?”

“உங்க மருமவ படிச்சதுல இருந்துதானுங்கக்கா” என்றாள் பாவாயி. “எனக்கும் அப்புடித்தான். என்ற மவன் பேசறதையே இப்பத்தான் கேக்கறேன்.”

 சாயங்காலம் கந்தம்மாள் துண்டு மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டு, பெண்களோடு உட்கார்ந்தாள். மீதியையும் படி கண்ணு, கேப்போம் என்றாள். தனப்பிரியா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். 

தனப்பிரியா எழுதி அனுப்பிய மோகன்குமாரின் கருத்தைப் படித்துவிட்டு ஹஃப்சா உடனே அவளைக் கூப்பிட்டாளாம். அந்த இடத்தை மாற்றி எழுதினாள். டிரில்லர் குனிகிறான். குழிக்குள்ளிருந்து அவன் மனைவி குரல் கூப்பிடுகிறது, கெஞ்சுகிறது, அழுகிறது. அந்த ஒரு வார்த்தை வருமா என்று அவன் காத்திருக்கிறான். வரவில்லை. நிமிர்ந்துகொள்கிறான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் படித்தவர்கள் சொன்னது எல்லாம் பெயரோடு போட்டிருக்கிறாள். மோகன்குமார் பெயர் இருக்கிறது. சமையல்காரர் பெயர் இருக்கிறது. ‘பாவாயி, திருச்செங்கோடு’ இருக்கிறது, மூன்று நட்சத்திரத்தோடு. ஹஃப்சா அனுப்பியிருந்த பக்கத்தைப் போனில் திறந்து, விரலை வைத்து இதுதான் உங்கள் பெயர் என்று தனப்பிரியா காட்டினாள். பாவாயி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கதை தன்னைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதை இந்த வயதில் பார்க்கக் கிடைத்ததே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தியிடம் சொன்னாள். “நீ நல்லாருப்பே சாமி.”

வெளியீட்டு நாள் வந்தது. தனப்பிரியா அம்மா வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை போக ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்தினாள். பாவாயி கூட வருவதாகத்தான் இருந்தது. பட்டறையிலிருந்து அவசர லோடு வந்துவிட்டது. நீ போய்ப் படி, நான் கேட்டதுதானே என்றாள். சின்னாயி குடத்தோடு எதிரில் நின்றிருந்தாள். எப்போதும் அந்த நேரத்தில் அவளுக்குத் தண்ணீர் வேலை இருக்கும்.

கந்தம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் சூடம், ஓர் எலுமிச்சம்பழம். ஸ்கூட்டரைச் சுற்றிக் காட்டிவிட்டு, குனிந்து முன்சக்கரத்துக்குக் கீழே பழத்தை வைத்தாள். மகன் ஒவ்வொரு முறை வடக்கே கிளம்பும்போதும் வைக்கிற மாதிரியே.

“ஏனுங்கக்கா, வண்டி புதுசுங்களா?” என்றாள் சின்னாயி.

“வண்டி பழசுதான். போறதுதான் புதுசு” என்றாள் கந்தம்மாள். பிறகு மருமகளைப் பார்த்து, “சாப்டியா கண்ணு?”

“சாப்டனுங்க அத்தை. போயிட்டு வாரேன்.”

தனப்பிரியா திரும்பிப் பாவாயியைப் பார்த்தாள்.  பாவாயிதான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே.

“அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடு. கதை நல்லாருக்குது. ஆனா நாய் விசயத்துல நான் எறங்கி வரமாட்டேன்னு.”

தனப்பிரியா சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பித் தெருவைத் தாண்டிப் போனாள். எல்லோரும் அவள் போன திசையைப் பார்த்தார்கள். பாவாயி மட்டும் குனிந்து தரையைப் பார்த்தாள். பழம் உருளவில்லை. நட்டநடுவில் நன்றாக நசுங்கிக் கிடந்தது.