கடைசிச் சுவரில் ஒரு கை

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பகல் முழுக்கச் சொல்வாள். சொல்லி முடித்ததும் மைக்கை அணைக்க மாட்டாள். கோடியில் இருக்கும் கழிப்பறைச் சுவரை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம்தான் விரல் பொத்தானுக்குப் போகும்.

பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பழக்கம் அது. காலையில் செய்தி வாசிக்க அவளை மேடையில் ஏற்றிவிட்டு, டீச்சர் மைதானத்தின் கடைசிச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்வார்.

"முன்னாடி நிக்கிறவங்களுக்குக் கத்தாத. கடைசில நிக்கிறவளுக்குச் சொல்லு. கேட்டா கை தூக்குறேன்."

கை எழாவிட்டால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

டீச்சர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. இப்போது கழிப்பறைச் சுவரில் எவளாவது சாய்ந்திருப்பாள், அறிவிப்பு முடிந்ததும் ஒரு கை எழும். சில நாள் அங்கே யாருமே இருப்பதில்லை. அப்போதும் எழும். கணவனிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்.

"சம்பளம் கேக்காத சூப்பர்வைசர். இருந்துட்டுப் போகட்டும் விடு" என்றான்.

நிர்வாகம் அறிவிப்புகளைப் பதிவு செய்து ஓட்ட முடிவெடுத்தது. அவள் குரல் சரியாக வந்தால் ஒலிபரப்பு அறை அவள் பொறுப்பு. வராவிட்டால் குரலும் வேறு, ஆளும் வேறு. அவள் பயணிகளின் மூட்டைகளை வைக்கும் சுமை அறைக்குப் போக வேண்டியதுதான்.

பதிவு அறை தீப்பெட்டி போல இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. வாய் திறந்தாள். குரல் உதட்டைத் தாண்டவில்லை.

"என்னக்கா, தூங்குற குழந்தைகிட்ட சொல்ற மாதிரி இருக்கு" என்றார் பதிவு செய்பவர்.

"யாருக்குச் சொல்றதுன்னே தெரியலப்பா."

"எனக்குச் சொல்லுங்க."

"நீ பக்கத்துலயே இருக்கியே."

மதியம்வரை இதே பாடு. கடைசியில் அவர் பேனாவை மூடினார்.

"இன்னும் ஒரே தடவ பாப்போம். இல்லன்னா ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"அந்தக் கதவைத் தெற."

"வெளிச் சத்தம் பதிவுல ஏறும்க்கா."

"ஏறட்டும். தெறப்பா."

வெளியே நீளமான நடைக்கூடம். கோடியில் விளக்கு எரியவில்லை. அந்த இருட்டைப் பார்த்து வாசித்தாள். முடித்துவிட்டு அசையாமல் நின்றாள்.

"வந்துருச்சு" என்றார் அவர். "கடைசில சும்மா நிக்கிறீங்களே, அதை வெட்டிரவா?"

"வேணாம்."

"யாருக்காகக்கா அது?"

இருட்டுக்குள் எழுந்த கை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

பதிவு ஓடத் தொடங்கிய அன்று, எதுவரை கேட்கிறது என்று பார்க்க நடைமேடைகளைத் தாண்டி நடந்தாள். கால்கள் கழிப்பறைச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தின. சாய்ந்துகொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் தெளிவாக வந்தது. முடிந்தது. பிறகு அந்த இடைவெளி.

தூரத்தில் கண்ணாடிக் கூண்டு காலியாக இருந்தது. ஆனாலும் அங்கிருந்து யாரோ தன்னையே பார்ப்பது போலிருந்தது. அப்போதுதான் கவனித்தாள்: அவளுடைய வலது கை மேலே போயிருந்தது. இறக்கப் பார்த்தாள். அடுத்த அறிவிப்பு தொடங்கும்வரை அது இறங்கவில்லை.