மேல் துண்டில் சோளம்

பயப்பட ஒன்றும் இல்லாவிட்டால் அதற்கும் நான் பயப்படுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். உண்மைதான். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தவள் நான். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு மனுஷி இருபத்து மூன்று மான்களை ஒப்படைத்துவிட்டு இடுப்பு எலும்பு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனார். முப்பது வருடமாக அந்த மான்களை அவர் ஒரு நாள்கூட வேறு ஆளிடம் விட்டதில்லையாம். போகும்போது அதையும் சொல்லிவிட்டுப் போனார், எனக்கு நித்திரை வராமல் இருக்கட்டும் என்பதுபோல.

மான் வளர்ப்புக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வன்னியில் இருந்த காலத்தில் மானைச் சட்டிக்குள் பார்த்ததுதான் அதிகம். செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் இடத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். நார்த்மீட்டில் வீடு, கம்ப்யூட்டரில் வேலை, மண்டை முழுக்க விவசாயம். கோல்பேர்ன் தாண்டி ஒரு மான் பண்ணையில் இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது, வெங்காயமும் மிளகாயும் போடலாம் வாங்க அக்கா என்று என்னை இழுத்துவிட்டவர் அவர்தான். பண்ணைக்குச் சொந்தக்காரி எழுபது தாண்டிய வெள்ளைக்கார அம்மா. எங்களுக்குள் அவரைப் பண்ணையம்மா என்போம். அவருடைய நிலத்தில் நாங்கள் பயிர் செய்வதற்குப் பதிலாக, மான்களுக்கான மேய்ச்சல் துண்டுகளை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் பேச்சு.

துண்டு என்றால், மான்கள் திரியும் பெரிய புல்வெளிக்குப் பக்கத்தில், தனியாக வேலி அடைத்து, அவற்றுக்காகவே விதைக்கும் நிலம். மேட்டில் இருப்பது மேல் துண்டு, தாழ்வில் இருப்பது கீழ்த் துண்டு. மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பு போட்டு, களையைச் சாகடித்து, குளோவர் புல், சிக்கரிக் கீரை, ரேனிப் கிழங்கு எல்லாம் விதைக்க வேண்டும். முளைத்தவுடன் மானை விட்டால் வேரோடு பிடுங்கிவிடும். முற்றவிட்டால் வாய் வைக்காது. இடையில் உள்ள அந்தக் கொஞ்ச நாள்களில், நாளுக்குச் சில மணி நேரம் திறந்து விட்டு மூட வேண்டும். துண்டின் நடுவில் சிறிய கம்பிக் கூடு ஒன்று வைத்திருப்போம். கூட்டுக்குள் இருக்கும் பயிருக்கு மான் வாய் எட்டாது. உள்ளே எவ்வளவு உயரம், வெளியே எவ்வளவு உயரம் என்று பார்த்தால் எவ்வளவு தின்றிருக்கின்றன என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சாமான் அந்தக் கூடு. கவலையை அளந்து பார்க்க ஒரு கருவி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

சனிக்கிழமைகளில் தம்பியின் காரில் இரண்டு மணி நேரம் போவோம். வழி முழுக்கத் தமிழ்ச் சண்டைதான். சமையலறையை நான் குசினி என்றால் அவர் சிரிப்பார். அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ‘ங்க’ வைத்து முடித்தால் நான் சிரிப்பேன். படலை என்றால் கேட் என்று அவருக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது. விளங்காத சொல்லைக் கேட்டால் சிரித்துக்கொண்டே அர்த்தம் கேட்டுவிடுவோம். இரண்டு பேருக்கும் தெரிந்த சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

டிசம்பர் தொடக்கத்தில், இங்கே கோடை பிறக்கும் நேரம், ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். தம்பி மட்டும் போய்விட்டு வந்து போன் செய்தார்.

"அக்கா, மேல் துண்டுல சோளம் விதைச்சிருக்கேனுங்க. வெயிலுக்குத் தாங்கும். நல்லா வளரட்டும், அப்புறமா மானை விட்டுக்கலாம்."

"ஓம் தம்பி, நல்ல யோசினை" என்றேன். சோளம் எனக்குத் தெரியாதா என்ன.

கிறிஸ்மஸ் முடிந்து பண்ணையம்மாவின் ஆபரேஷனுக்கு நாள் வந்தது. நான் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு அவர் வீட்டில் போய்த் தங்கினேன். தம்பி சனி ஞாயிறில் வருவதாக ஏற்பாடு, ஆனால் முதல் சனி ஞாயிறு வேலை என்று அவர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் பண்ணையம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புல்வெளி எல்லாம் காட்டினார். குட்டி போடும் காலம். பிறந்து சில நாளே ஆன குட்டிகளைத் தாய்கள் உயரப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடுமாம். "கண்டாலும் தொடாதே. துரத்தாதே. ஓடாதே. பயந்தால் வேலியில் போய் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். காலையும் மாலையும் எண்ணு" என்றார். நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். இருபத்து மூன்று தாய் மான்கள்.

காலையில் எண்ணினேன். மாலையில் எண்ணினேன். இரண்டுக்கும் நடுவில் சும்மா இருக்க முடியாமல் மத்தியானமும் எண்ணினேன். ஒரு தடவை இருபத்திரண்டுதான் வந்தது. திரும்ப எண்ணினால் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு "23, எல்லாம் சுகம்" என்று மெசேஜ் போட்டேன். அவர் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவார்.

பிறகு வெயில் பிடித்தது. ஒரு வாரம் மழை இல்லை, சூடான காற்று வேறு, பெரிய புல்வெளி வைக்கோலாகக் காய்ந்தது. கீழ்த் துண்டில் குளோவர் வளராமல் நின்றது, இருந்ததையும் மான்கள் தரையோடு தின்றுவிட்டன. கம்பிக் கூட்டுக்குள் இருந்தது ஒரு சாண், வெளியே ஒன்றும் இல்லை. பால் கொடுக்கிற மான்கள் வேலி ஓரமாக நின்று மேல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே சோளம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இலை சுருண்டு கொஞ்சம் வாடித்தான் இருந்தது, ஆனாலும் பச்சை. தம்பி நன்றாக வளரட்டும் என்றுதான் சொன்னார், பயிர் முற்றிப் பொத்தி தள்ளும் வரைக்கும் தாய்களைப் பட்டினி போடச் சொல்லவில்லையே என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு மேல் துண்டின் படலையைத் திறந்து விட்டேன்.

எல்லாம் ஓடி வந்தன. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. யாரிடமும் கேட்காமல் நானாக ஒரு முடிவு எடுத்து அது சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பெருமையைச் சொல்லத்தான் தம்பிக்குப் போன் செய்தேன். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, மேல் துண்டைத் திறந்து விட்டிட்டன். சோளத்தை என்ன மாதிரி இழுத்து இழுத்துத் தின்னுதுகள் தெரியுமே."

அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம் நின்றது.

"எதைத் திறந்தீங்க? எவ்வளவு உயரம் இருக்குதுங்க?"

"முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. வாடித்தான் கிடக்கு, ஆனால் நல்லாத் தின்னுதுகள்."

"ஐயோ அக்கா! வாடுன சோளத்தை அந்த உயரத்துல தின்னா மாடே நின்ன இடத்துல விழுந்துருமுங்க. விஷமுங்க அது!"

"சோளம் எப்பிடித் தம்பி நஞ்சாகும்? நாங்கள் அவிச்சுத் தின்னிற சாமானெல்லோ."

"அது மக்காச்சோளமுங்க. நான் போட்டது சோளம். சின்னச் சின்ன மணியாக் கதிர் வருமே, அது."

படலையைத் தாண்டி அந்தப் பயிரைத் திரும்பிப் பார்த்தேன். "இறுங்கோ?"

"இறுங்குன்னா என்னங்க?"

அவருக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கு அவருடைய சோளம் தெரியாது. எங்கள் ஊரில் சோளம் என்றால் தோலுரித்து அவிக்கும் பொத்தியில் வருவது, அவர்கள் மக்காச்சோளம் என்பது. அவர்கள் சோளம் என்பது எங்களுக்கு இறுங்கு. இளம் இறுங்குக்குள் நஞ்சு இருக்கும், தண்ணீர் இல்லாமல் வாடினால் அது கூடும் என்று அவருடைய ஊரில் மாடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பயிரைப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த உயரத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இந்த நாட்டில் வந்து இரண்டு தமிழர்கள் ஆசையாகத் தமிழில் கதைத்தோம். இங்கிலீஷில் பேசியிருந்தால் இந்தப் பிழை வந்தே இராது.

"நான் கால்நடை டாக்டரைக் கூப்பிடறேன். நீங்க அதுகள வெளிய கொண்டாங்க. எவ்வளவு நேரமாச்சு?" என்றார். நாற்பது நிமிடம் என்றேன். அவர் உடனே போனை வைத்தார்.

வெளியே கொண்டுவா என்பது சுலபமான சொல். மாடு என்றால் ஒரு தடியோடு உள்ளே போய் ஓட்டிவிடலாம். இவை மான்கள். நான் உள்ளே ஓடினால் அவை வேலியில் மோதிச் சாகும். ஓடாமல் நின்றால் தின்று சாகும். இரண்டு சாவுக்கும் நடுவில், படலையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். எத்தனை நிமிடம் நின்றேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நிமிடங்களுக்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

பண்ணையம்மா தகர வாளியில் ஓட்ஸைப் போட்டுக் கிலுக்கினால் எல்லாம் வரும். அதை நினைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். போனேன் என்றால் நடந்துதான் போனேன், ஓடினால் மிரளும் என்று. ஓட வேண்டிய நேரத்தில் நடப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். வாளியோடு புல்வெளியில் தள்ளி நின்று கிலுக்கினேன். தலையைத் தூக்கிப் பார்த்தன. அவருடைய தொப்பி இல்லை, அவருடைய நடை இல்லை. திரும்பவும் குனிந்து தின்றன.

அவர் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போது டாக்டரிடமிருந்து போன் வந்தது. வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும், என்ன நடந்தாலும் விரட்டாதே, தின்ற மிருகம் ஓடினால் இன்னும் கெதியாக விழும் என்றார். நான் வாளியைக் கவிழ்த்து ஓட்ஸை நிலத்தில் கோடாகக் கொட்டிவிட்டு, தூரப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையாரே, பிள்ளையாரே என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. ஒன்று வந்திருக்கிறது. பிறகு இரண்டு மூன்று. ஒன்றைப் பார்த்து ஒன்றாக வரத் தொடங்கின. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சத்தம் பெருத்த பிறகு மெல்ல எழும்பி, சுற்றிப் போய்ப் படலையைச் சாத்தினேன். பிறகு எண்ணினேன்.

இருபத்திரண்டு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே இல்லை. மேல் துண்டுக்குள் திரும்பப் போனேன். கடைசி மூலையில், பயிர் கொஞ்சம் உயரமாக இருந்த இடத்தில், ஒன்று பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை. கண் திறந்திருந்தது. பக்கத்தில் முழங்காலிட்டு இருந்து வயிற்றில் கையை வைத்தேன். சூடு இருந்தது, அசைவு இல்லை.

டாக்டர் வந்தார். தள்ளாடிய இரண்டுக்கு ஊசி போட்டார், அவை தப்பிவிடும் என்றார். ஒன்றோடு போனது உன் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி காரில் வந்துகொண்டிருந்தார். வழியில் போன் எடுத்து, "என் தப்புதானுங்க அக்கா, நான் சொல்லியிருக்கணும்" என்று அழுதார். "இல்லைத் தம்பி, நானெல்லோ திறந்தனான்" என்று நானும் அழுதேன். அழுதுகொண்டே அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது. மறைப்பானேன், இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

இனிப் பண்ணையம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள். வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்றைக்கும் "23, எல்லாம் சுகம்" என்று போட்டுவிடு என்றும் சொன்னது. மெசேஜை அடித்தும் விட்டேன். அனுப்ப விரல் வரவில்லை. அழித்துவிட்டு, செத்த மானுக்குப் பக்கத்தில் நின்றபடியே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோளம், மக்காச்சோளம் கதையை இங்கிலீஷில் சொன்னபோது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

நான் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எது?"

எனக்கு விளங்கவில்லை. ஒன்றுதான், மற்றது எல்லாம் தப்பிவிட்டது என்றேன்.

"அது தெரிகிறது. எது செத்தது?"

ஒன்பது நாளாக நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றின் முகத்தையாவது பார்த்ததில்லை. குனிந்து பார்த்தேன். இடது காது நுனியில் ஒரு வெட்டு, கழுத்தின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. அதைச் சொன்னேன். எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு, "மடியில் பால் இருக்கிறதா பார்" என்றார்.

பின்னங்காலை மெல்லத் தூக்கினேன். மடி நிறைந்து, காம்பில் ஒரு துளி நின்றது.

"இருக்கு" என்றேன்.

"அப்படியென்றால் குட்டி புல்லுக்குள் எங்கோ படுத்திருக்கும். தாய் வந்து கூப்பிடும் வரைக்கும் அது அசையாது, சத்தமும் போடாது" என்றார்.

நான் எழுந்து, அந்தப் பெரிய புல்வெளியைப் பார்த்தேன்.