நீல வயரில் ஒரு முடிச்சு

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் நான் வேலை செய்த, மின்கருவிகள் திருத்தும் கடையில் ஒரேயொரு பவர் சப்ளைதான் இருந்தது. வோல்ட்டையும் கரண்டையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். அதன் முன்னால் கதிரையில் இருந்து போர்டு திருத்தும் இடம் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். டிப்ளோமா முடித்த மகன் வயர் உரிக்கிறான் என்று ஊரில், சம்பூரில், அப்பா சொல்லவேண்டி வரக்கூடாது. கூட வேலை செய்த டவுன்காரனுக்கும் அந்தக் கதிரையில்தான் கண். அவனுக்கு எல்லாம் இலகுவாக வந்தது, சிரிப்புக்கூட.

இறக்கக்கண்டிப் படகுக்காரர் ஒருவர் மீன் காட்டும் கருவியைத் திருத்தக் கொண்டுவந்தார். முதலாளி அதை அவனிடம் கொடுத்தார்.

"வடிவாச் செய்தியெண்டால் கதிரை உனக்குத்தான்."

அவன் கருவியின் போர்டைத் தொடுமுன் பன்னிரண்டு வோல்ட் வைத்தான். சப்ளையின் இரண்டு முனைகளையும் முட்டவைத்து, பிழை இருந்தாலும் போர்டு கருகாதபடி கரண்ட் எல்லையை நன்றாகக் குறைத்தான். பிறகு சப்ளையை நிறுத்திவிட்டு, கருவியின் சிவப்பு வயரைப் பிளஸ்ஸிலும் நீலத்தை மைனஸிலும் கொழுவினான். பிழை பிடிக்க ஒன்றுமில்லை. புகை வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டான். போர்டு எழும்பவில்லை. வோல்ட் விழுந்தது; கரண்ட் எல்லையில் முட்டி நின்றது.

"கரண்டைக் கொஞ்சம் கூட்டிப் பாரன்," என்றார் முதலாளி. அவன் கை குமிழுக்குப் போனது.

அப்போதுதான் நீல வயரில் முடிச்சைக் கண்டேன். எங்கள் பக்கத்துப் படகுகளில் வயர் அறுந்தால் கையில் கிடைத்த நிற வயரை ஒட்டிவிட்டு, பிளஸ் வயரில் முடிச்சுப் போடுவார்கள். இருட்டில் விரலுக்கு அதுதான் தெரியும். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கண்டவன் நான் என்று எல்லோருக்கும் தெரியவேண்டுமே!

"கூட்டாதை மச்சான்! மாறிக் கொழுவிட்டாய். முடிச்சுப் போட்டதுதான் பிளஸ்."

"ஓம் தம்பி, நான் போட்ட முடிச்சுத்தான்," என்றார் படகுக்காரர். "இது உங்களுக்குத் தெரியாதெண்டு ஆர் கண்டது?"

மாற்றிக் கொழுவியதும் திரை ஒளிர்ந்தது. நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லாக் கண்டாய்," என்றார். "ஆனால் இவன் கரண்டைக் குறைச்சு வைச்சிராட்டி, நீ முடிச்சைக் காண முதலே போர்டு கருகியிருக்கும். கதிரை இவனுக்குத்தான்."

அது சரியாகத்தான் இருந்தது. நான் வயர் உரிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் அவன் அந்தக் கதிரையில் சாய்ந்தபடி கேட்டான்: "மச்சான், பிளேன்டீ எடுப்பிக்கிறன். உனக்கும் ஒண்டு?"

"வேண்டாம்."

எனக்குத் தாகமாகத்தான் இருந்தது. அவன் எனக்கும் சேர்த்தே எடுப்பித்து, பக்கத்தில் வைத்தான். குடிக்காமல் ஆறவிட்டேன்.