குடத்தளவுத் தொட்டிக்கு ஒரு ஃபில்டர்

அந்தத் தெருவில் அவளை இஸ்திரியக்கா என்றால்தான் தெரியும். எப்பேர்ப்பட்ட முரட்டுச் சட்டையையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறவள், ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் மீன் தொட்டியிடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

புருஷன் லாரி ஓட்டியவர். ஒருநாள் வண்டியைவிட்டு இறங்கும்போதே ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன; பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கூட வண்டி ஓட்டும் சிநேகிதர் கப்பி மீன்களோடு இந்தத் தொட்டியைத் தூக்கிவந்தார். "கூரையையே பார்த்துக்கிட்டுக் கெடந்தா மனுஷன் என்னாவான்? கண்ணு முன்னால ஏதாவது ஓடட்டும்" என்று கட்டிலுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டுப் போனார். சொல்லிவைத்தாற்போல் நோயாளியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியதுதான்.

அவளுக்குப் போன உயிர் வந்தது. டாக்டர் வேறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "சாப்பாடு உள்ள போகணும்மா. போகலேன்னா மறுபடி இங்கதான், மூக்குல குழாய்தான்." அவள் மேசையடியிலிருந்து வந்து ஊட்டினால் வாய் திறந்தது. மீன் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு மீன்கள் சாக ஆரம்பித்தன.

காலையில் ஒன்று வயிற்றைக் காட்டி மிதக்கும். மாடிவீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "இவருக்கு மட்டும் கொஞ்சம் ஊட்டிவிடுங்கக்கா" என்று கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு மீன் கடைக்கு ஓடுவாள். திரும்பி வந்தால் கிண்ணம் அப்படியே இருக்கும். "பல்லைக் கடிச்சுக்கிட்டார்மா, நான் என்ன பண்ண?" என்பார் அந்த அக்கா. புது மீனை விட்டு அது நீந்தத் தொடங்கியதும் அவள் ஊட்டினால் நாலு கரண்டி இறங்கும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மீன் செத்தால் இவர் சாகிறார், மீன் பிழைத்தால் இவர் பிழைக்கிறார். அவள் மனசில் அது ஆணியடித்ததுபோல் நின்றுவிட்டது.

ஃபில்டர் போடச் சொன்னார் மீன் கடைக்காரர். இருப்பதிலேயே பெரியதை வாங்கினாள். அது இழுத்த இழுப்பில் மீன்கள் நிற்க இடமில்லாமல் சுழன்றன. "எட்டடித் தொட்டிக்குப் போடறதைக் கொண்டுபோய்க் குடத்துல போட்டா?" என்று அவரே அதை மாற்றி, கண்ணாடியில் ஒட்டும் சின்ன மோட்டார் கொடுத்தார். அதற்கும் மீன்கள் பிழைக்கவில்லை. இதற்குள் புருஷனின் விலா எலும்பை எண்ணலாம் என்றாகிவிட்டது.

அடுத்த முறை கடையில் நின்று வெட்கத்தை விட்டு அழுதாள். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டார்.

"அழாதீங்கக்கா. ஃபில்டர் ராப்பகலா ஓடுதில்ல?"

"ஓடுது. இஸ்திரி போடுறப்ப மட்டும் கழட்டிடுவேன். அந்தப் பக்கம் இருக்கறது ஒரே ப்ளக். ஒருதரம் ரெண்டையும் சேர்த்துச் சொருகிப் பொகைஞ்சுபோச்சு."

"எவ்வளவு நேரம் இஸ்திரி போடுவீங்க?"

"விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும்."

கடைக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அப்போ அது ஃபில்டர் இல்லக்கா, அதுவும் சும்மா உள்ள குளிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

பிறகு பொறுமையாக விளக்கினார். மீன் கழிவின் விஷத்தைத் தின்னும் நல்ல கிருமிகள் பஞ்சில்தான் வளரும். தண்ணீர் ஓடாவிட்டால் அவையும் செத்துப்போகும். சின்னத் தொட்டிக்குக் காற்று மோட்டாரில் ஓடும் பஞ்சு ஃபில்டர் போதும், மெதுவாக இழுக்கும். தன் தொட்டியில் ஊறிப் பழுப்பேறிய பஞ்சையே எடுத்துக் கொடுத்தார். "கழுவிடாதீங்க. இதுக்குன்னு தனி ப்ளக் வேணும். நிறுத்தவே கூடாது."

தனி ப்ளக் எதிர்ச்சுவரில், கட்டிலின் மறுபக்கம் இருந்தது. மாடிவீட்டு அக்கா ஒரு கை பிடிக்க, தொட்டியை அங்கே மாற்றினாள். முன்பைவிடக் கிட்டத்தில், அவர் தலையைத் திருப்பினால் முகத்துக்கு நேரே. குமிழி குமிழியாகக் காற்று ஏறியது. மீன்கள் நிம்மதியாக நீந்தின.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க, இங்க பாருங்க, மீனு" என்று முகத்தை மெல்லத் திருப்பிவிட்டாள். தலை பழையபடி காலி ஸ்டூல் பக்கமே போயிற்று. மாடிவீட்டு அக்கா கரண்டியை நீட்டினார். வாய் பூட்டிக்கொண்டது. புத்தியும் போய்விட்டது, இனி ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இஸ்திரி மேசைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, துவைத்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏம்மா, எழுந்து வாயேன். தலையைத் தூக்கித் தூக்கி என்னமோ தேடறார்."

எழுந்தாள். தூக்கிய தலை தலையணையில் விழுந்தது. கண் அவள்மேல் நின்றது. அடுப்படிக்கு நகர்ந்தாள், கண் அங்கே வந்தது. ஜன்னலுக்குப் போனாள், அங்கேயும் வந்தது. தொட்டித் தண்ணீருக்கு அந்தப்புறம் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டது யார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பட்டினி கிடந்ததெல்லாம் அவள் மீன் கடையில் நின்ற பொழுதுகள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு கரண்டி எடுத்தாள். அவள் கேட்பதற்கு முன்பே அவர் வாயைத் திறந்திருந்தார்.