இடப்பக்கத்து பிரேக்

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் தன் காரை எங்கள் குரும்பகரம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். என் கணவர் சைக்கிளைத் தாண்டாதவர். அடைமழையில் வலி கண்டால் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? மழை என்றால் எங்கள் ஊருக்குள் ஆட்டோ கிடைப்பதே பெரும்பாடு. ஐம்பதை நெருங்கும் வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது இதற்காகத்தான், ஆசைக்கு இல்லை.

கற்றுக்கொடுத்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் வலப்பக்கம், அவர் இடப்பக்கம். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில்தான் பழக்குவார். ஒருநாள் முன்னால் போன நிலக்கரி லாரி சட்டென்று நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் கார் லாரிக்குப் பின்னால் பதமாக நின்றது. வீட்டுக்கு வந்து அதை நான் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால் அந்த லாரிக்காரரே எனக்கு சலாம் போட்டிருப்பார்.

டெஸ்ட் நெருங்கிய சமயம் அவர் இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும் அதே கதை.

“வண்டிக்கு என்ன ஆச்சு தம்பி?”

“வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான் காலு வலிக்குது.”

எனக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருந்தன. இருப்பது எனக்குத் தெரியும். ஆபத்து அவசரத்துக்கு என்று நினைத்திருந்தேன். தினமும் அவர் கால் அவற்றின் மேலேயே இருந்திருக்கிறது என்பது தெரியாது.

“அப்ப அன்னிக்கி லாரி நின்னப்ப?”

“நான்தான் பிரேக்கு புடிச்சேன்.”

“இத்தன நாளும் யாரு ஓட்டுனது?”

“சேந்துதான்க்கா ஓட்டுனோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபத்தில் காது சூடானது. அவரோ என்னைத் தேற்றினார். “டெஸ்ட்டுக்கும் நான் பக்கத்துல இருப்பேன், பயப்படாதீங்க. எல்லாருக்கும் இப்புடித்தான்.” காரைக்கால் வீதிகளில் எதிரே வருகிற எத்தனை பேருடைய லைசென்ஸில் இந்தத் தம்பியின் காலுக்குப் பங்குண்டோ என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த நாட்களில் ஒரு காலி மனையில், அவரை சீட்டில் சப்பணமிட்டு உட்காரச் சொல்லிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடியதைவிடக் கார் நின்றதுதான் அதிகம். அவர் பாவம், சாமியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் அன்று காலையில் ஒரு வாய் இட்லி இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் மரநிழலில் நின்றபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் தம்பி பக்கத்தில் ஏறி, கட்டுப் பிரித்த காலை மெல்ல உள்ளே நீட்டினார். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் மகள் வலியில் துடிக்கிற நாளில் இந்தக் கால் இங்கே இருக்காது.

“எறங்கிக்குங்க தம்பி.”

“ரோசம் பாக்குற எடமாக்கா இது? ஃபெயிலாயிருவீங்க.”

“எறங்குங்க.”

சொன்னது நான்தானா என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார். இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார், பிறகு கிளப்பச் சொல்லிக் கையைக் காட்டினார்.

முதல் தடவை கார் அணைந்துபோனது. அடுத்த தடவை நகர்ந்தது. திடலைச் சுற்றி வந்தேன். நிறுத்தச் சொன்ன கோட்டில் நிறுத்தினேன். உள்ளங்கை வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது, ஆனாலும் நானேதான் நிறுத்தினேன். ரிவர்ஸில் பின்னால் எடுக்கும்போது, நட்டிருந்த கம்புகளில் ஒன்றைச் சாய்த்துவிட்டேன்.

“அடுத்த தடவை வாங்கம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மகள் வாசலிலேயே காத்திருந்தாள். ஃபெயில் என்றதும் அவள் கை வயிற்றுக்குப் போனது. முகம் வெளிறிவிட்டது.

“அப்ப வலி வந்தா யாரும்மா ஓட்டுவா?”

“நான்தாண்டி. ஆஸ்பத்திரிக்கு ரிவர்ஸ்லயா போவப்போறோம்?”