லவான் சேர்த்ததும் பிரித்ததும்

லவான் ட்வைட் வேலை பார்த்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரம், சுற்றிலும் பீட்கிழங்கு வயல்கள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு டாக்டர் என்னென்ன செய்தார் என்று அவருடைய குறிப்பைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது அவள் வேலை. மெடிக்கல் கோடிங். எது எதோடு சேரும், எது தனியாக நிற்கும் என்பதில்தான் அதன் தலைவலி முழுவதும். மருவை வெட்டி எடுத்தால், அந்த இடத்தை மூடப் போட்ட சாதாரணத் தையல் அதிலேயே அடக்கம். அதே நாளில் கையில் வேறொரு காயத்துக்குத் தையல் போட்டிருந்தால் அது தனி. விதிகள் அடிக்கடி மாறும். மாறியதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

ஊர்க்காரர்களுக்கு அவள் பில் போடுகிறவள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காப்பிக் கோப்பையை வைப்பதற்குள் யாராவது பில் உறையை நீட்டுவார்கள்.

"லவான், இதக் கொஞ்சம் பாரேன். விரல்ல நாலு தையலுக்கு இவ்வளவா? கொள்ளையா இருக்கே!" என்றாள் ஆர்லிஸ் ஒருநாள்.

லவான் படித்துப் பார்த்தாள். "சரியாத்தான் போட்டிருக்கு, ஆர்லிஸ்."

"உங்க ஆளுங்கள நீ விட்டுக்குடுப்பியா என்ன?"

அடுத்த வாரம் ஆர்லிஸ் வேறு மேசையில் உட்கார்ந்தாள். இப்படி எத்தனையோ பேர். லவானுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, சமாதானம் சொல்லவும் தெம்பில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கணவன் கோர்டிக்கு மலத்தில் ரத்தம் போனது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கிழங்கு அறுவடை வந்தால் லாரியும் ஓட்டுவான். வெளியே சொல்லாமல் மறைத்தான். லவான்தான் கண்டுபிடித்துத் தன் ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுக் குடலைப் பார்த்த டாக்டர், கட்டிலருகே வந்து இருவரிடமும் சொன்னார்.

"ரெண்டு கட்டி இருந்துச்சு. சின்னத சுருக்குப் போட்டு எடுத்தாச்சு. இன்னொண்ணு மேல, வேற இடத்துல. அதுல ஒரு துணுக்கு மட்டும் சோதனைக்கு எடுத்திருக்கேன்."

மயக்கம் தெளியாத கோர்டி முனகினான். "ரெண்டும் ஒரே இடத்துல வளந்திருக்கக் கூடாதா? என் பொண்டாட்டி சேத்துப் போட்டிருப்பா."

டாக்டர் சிரித்துவிட்டார். லவானுக்குச் சிரிப்பு வரவில்லை. துணுக்கில் பயப்பட ஒன்றுமில்லை என்று சில நாளில் செய்தி வந்தது. அன்று கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சொந்தக் குடும்பத்தின் கோப்புகளை அவள் தொடக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. கோர்டியுடையது பக்கத்து மேசையில் அதே வேலை பார்க்கும் ஜோலீனுக்குப் போனது. இருவரும் வருஷக்கணக்காக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்.

இன்சூரன்ஸ் தந்தது போக அவர்கள் கட்ட வேண்டிய பங்குக்குப் பில் வந்தபோது கோர்டி குஷியானான். "நான் பயந்த அளவுக்கு இல்லையே! ஜோலீன் மனுஷிப்பா."

லவான் நின்றபடியே படித்தாள். கட்டி எடுத்தது மட்டும்தான் இருந்தது. துணுக்கு எடுத்ததைக் காணோம்.

மறுநாள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "ஜோலீன், கோர்டியோடதுல அந்தத் துணுக்கு எங்க?"

"அதுலயே அடக்கிட்டேன்."

"ஒரே கட்டியா இருந்தா அடக்கலாம். இது ரெண்டும் வேற வேற இடம்டி."

"தெரியும். தெரிஞ்சுதான் பண்ணேன்." ஜோலீன் குரலைத் தாழ்த்தினாள். "உனக்காகத்தான். ஒரு நன்றி சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"திருத்திடு."

"பைத்தியமாடி உனக்கு? உன் வீட்டுக் காச நீயே புடுங்கி ஆஸ்பத்திரிக்குக் குடுக்குற!"

லவான் நாற்காலியில் சரிந்தாள். "ஊர்ல இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் சரியா இருக்குன்னு சொல்லிட்டு வரேன். என் வீட்டுதே சரியா இல்லன்னா இனிமே அந்த வார்த்தை வாயில வராது. வேற ஒண்ணும் இல்ல. யோக்கியம் பேசவும் எனக்குத் தெம்பில்ல."

ஜோலீன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விசைகளைக் குத்திக் குத்தித் தட்டி அதைத் திருத்தினாள்.

அதோடு முடியவில்லை. இரண்டும் ஒன்றில் அடக்கம், தனியாகத் தர முடியாது என்று இன்சூரன்ஸ் திருப்பி அனுப்பியது. டாக்டரின் குறிப்பை இணைத்து, இடம் வேறு என்று ஜோலீனே எழுதி வாதாட வேண்டியதாயிற்று. "ஒத்துக்கிட்டாங்க, சந்தோஷமா?" என்றாள் ஒருநாள், முகத்தைப் பார்க்காமல்.

துணுக்குக்கு அவர்கள் பங்கைக் கேட்டு வந்த இரண்டாவது பில் இரவுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. லவான் விஷயத்தைச் சொன்னாள். கோர்டி முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அவ போடாம விட்டத நீ போய் போட வெச்சியா?"

"ஆமா."

"என் எதிரிக்குக்கூட இப்படி ஒரு நேர்மையான பொண்டாட்டி வாய்க்கக் கூடாது."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வெளியே பஸ் எஞ்சினைப் பார்க்கப் போனான். பில்லைத் தவணையில் கட்டினான். முகம் கொடுத்துப் பேச கிறிஸ்துமஸ் தாண்டியது.

பனி உருகும் காலத்தில் ஜோலீன் பக்கத்து மாநிலத்து ஃபார்கோ நகரத்தில் வேறு வேலைக்குப் போனாள். கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். அவளே ஒரு துண்டை லவானின் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"என்மேல இன்னும் கோவமா?"

"உன்மேல எனக்கென்னடி கோவம். அசதி."

"எனக்கு இருந்துச்சு" என்றாள் ஜோலீன். "நெறைய. இப்போ கொஞ்சம்தான் பாக்கி."

அருகில் உட்கார்ந்து இருவரும் கேக்கைத் தின்றார்கள். ஜோலீன் கிளம்பிய பிறகு, அவள் விட்டுப்போன கோப்புகளையும் மேலாளர் லவானிடமே கொண்டுவந்து கொடுத்தார். புதிதாக ஆள் கிடைக்கும்வரைக்கும்தான் என்றார். லவான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் கோப்பைத் திறந்தாள்.